வெந்நீரில் வந்த மருந்து

எங்க திபிலிசி ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜும்பர் கிடந்தான். மினிபஸ் ஓட்டுகிறவன். விபத்தில் தொடை கிழிந்து, புண்ணில் புகுந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. மெஷின்தான் மூச்சு விட்டது. எந்த ஆன்டிபயாட்டிக்கையும் அந்தச் சனியன் சட்டை செய்யவில்லை. கடைசி மருந்து மட்டும் அரைகுறையாகக் கேட்டது.

"கூடவே ஃபேஜ் குடுத்துப் பாப்போம், சியாலா," என்றார் டாக்டர் ரேவாஸ். ஃபேஜ் என்றால் கெட்ட கிருமியைக் கொல்லும் நுண்ணுயிர். இங்கே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாலே அதைத்தான் கொடுப்போம். ஜும்பரின் கிருமிக்கென்றே ஆய்வுக்கூடத்தில் தேடி எடுத்துத் தந்தார்கள். அவன் பெண்டாட்டி எதெரி தினமும் வாங்கி வந்து வாசலில் காத்திருப்பாள். நர்ஸான நான் அதைப் புண்ணில் ஊற்றிக் கட்டுவேன்.

காய்ச்சல் இறங்குவேனா என்றது. "நாளைக்கு அந்தக் கால வெட்டி எடுத்துடலாம். அப்பவும் பிழைப்பானான்னு தெரியல," என்றார் ரேவாஸ்.

அன்று எதெரி வந்ததும் வராததுமாக நானே வாசலுக்குப் போய்க் குப்பியை வாங்கினேன். கை சுட்டது. மற்ற நாட்களில் என் கைக்கு வருவதற்குள் ஆறிப்போயிருக்கும்.

"என்னடி இது?"

"வெந்நீர் பிளாஸ்க்ல வெச்சுக் கொண்டாந்தேன்க்கா. ஐஸ் மாதிரி குடுக்கறாங்க. பச்சைப் புண்ணுல சில்லுனு பட்டா ஜன்னி வந்துடாதா?"

"அடிப்பாவி, அது உசிருள்ள மருந்துடி. வேகவெச்சுல்ல கொண்டு வந்திருக்க."

வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆனால் ஜன்னலைத் திறந்தாலே சளி பிடிக்கும் என்று சண்டை போடுகிற ஊர் இது. என் மகளுக்கு நானும் தண்ணீரைச் சூடாக்கித்தான் தருகிறேன். யாரை நோவது?

"அப்போ நானே அவரைக் கொன்னுட்டேனாக்கா?"

"இன்னும் மூச்சு இருக்கு. ஐஸ் பெட்டிய எடுத்துக்கிட்டு ஓடு, புதுசா வாங்கிட்டு வா."

ரேவாஸ் காலை வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். குளிர்ந்த மருந்தைப் புண்ணில் ஊற்றும்போதெல்லாம் எதெரி வாசலில் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீழ் வற்றியது. தளர்ந்துபோன கிருமியை அந்த அரைகுறை ஆன்டிபயாட்டிக்கே அடக்கிவிட்டது. எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது.

தொண்டைக்குழாயை எடுத்த அன்று ஜும்பர் அவளை வெகுநேரம் பார்த்தான்.

"ஏன்டி இப்படி இளைச்சுட்ட?" என்றான், காற்று மாதிரிக் குரலில்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.