நாலு மணிக்குக் காலியாக இருந்தவள்

1

இந்தக் கதையை நான் முதலில் எழுதவில்லை, வாயால் சொன்னேன். தொலைபேசியில், ஒரே ஒருவருக்கு, அடுத்த வரி என்னவென்று எனக்கே தெரியாமல் சொன்னேன். பேச்சு நின்றுவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகப் பிறந்த கதை இது. அப்படிப் பிறந்ததற்கு ஒழுங்கான தொடக்கம் எங்கிருந்து வரும்? அதனால் இப்போது மேசையில் உட்கார்ந்து ஒரு தொடக்கம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று ஆகிவிட்டது. மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

முதலாவது: "பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களின் நலனில் காட்டிய அக்கறை"

(நிர்வாகத்தின் நினைவு மலருக்காக எழுதியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுரையின் முடிவு நம்பிக்கை தருவதாக இல்லையாம். நான் முடிவே எழுதவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.)

இரண்டாவது: "மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே"

(இதை நானே நிறுத்திவிட்டேன். என் கதைகள் எல்லாவற்றிலும் இந்த வெயில்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. போதும்.)

மூன்றாவது: "அட்டவணை அக்கா என்னை அழைத்தபோது நான் நன்றாகத்தான் இருந்தேன்."

இது பொய். ஆனாலும் வண்டி இதில்தான் நகர்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

எந்த வகுப்பு, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் முடிவு செய்கிறவர் அட்டவணை அக்கா. துணைவேந்தர் அவரைவிட மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஓர் அறை ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. இரண்டு வகுப்புகள் ஒரே அறைக்கு வந்து மோதிக்கொண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

தொற்று வந்தது. எல்லா அறைகளும் ஒரே நாளில் காலியாயின. நிர்வாகம் ஊழியர் நலக் குழு என்று ஒன்றை அமைத்தது. குழு மின்னஞ்சல் அனுப்பியது: தண்ணீர் நிறையக் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள். அதோடு நிற்காமல், ஊழியர் ஒவ்வொருவரையும் அழைத்து மனம் விட்டுப் பேச வைப்பது என்று தீர்மானித்து, அந்த வேலையைக் கையில் வேலையில்லாதவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது. அறைகளைப் பூட்டிய பிறகு அட்டவணைக்கு என்ன வேலை? என் துறை அக்காவின் பங்கில் வந்து விழுந்தது.

"மேடம், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்க்கா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அதை விடுங்க. ஒரு நாள்ல எந்த மணி நேரத்தை உங்களால தள்ள முடியலை? அதை மட்டும் சொல்லுங்க."

"அப்படி எதுவும் இல்லைக்கா. எல்லா நேரமும் ஒண்ணுதான்."

மறுமுனையில் கணினியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ நாலு மணிக்கு நீங்க காலி."

"அக்கா, நான் அப்படிச் சொல்லலையே."

"கருவி அறையில லென்ஸ் அண்ணன் இருக்காருல்ல, அவருக்கு நாலு மணிதான் கஷ்டமாம். நாளையிலேருந்து நீங்க கூப்பிட்டுப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை உண்டா இல்லையான்னு உங்களுக்குள்ள முடிவு பண்ணிக்கோங்க."

வைத்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பழைய வழக்கம். இந்த முறை எதையுமே கொடுக்காமல் மாட்டிக்கொண்டேன்.

* முந்தைய பிரதியில் அக்கா இந்த இடத்தில் சற்று மௌனமாக இருந்து, பிறகு கனிவான குரலில் இரண்டு வார்த்தை பேசினார். அந்தக் கனிவு நான் போட்டது. என் கணவர் படித்துவிட்டு, "யாரு இது? நம்ம அக்கா மாதிரி இல்லையே" என்றார். எடுத்துவிட்டேன். அக்கா யாரையும் தேற்றவில்லை, அவருக்கு அது வராது. ஆள் இல்லாத மணிக்கு ஓர் ஆளைப் போட்டார். அவருக்கு உள்ளுக்குள் ஏதாவது திட்டம் இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கும் கேட்க ஆசைதான். கேட்டால், "ஒருத்தருக்கு ஆள் வேணும், ஒருத்தர் காலி, அவ்வளவுதானே" என்பார்.

3

லென்ஸ் அண்ணன் நுண்ணோக்கிகளைப் பழுது பார்க்கிறவர். அதுவரை நான் அவருடன் பேசியது ஒரே ஒரு தடவை. ஏதோ கேட்டுத் தவறுதலாக அவர் அறைக்குள் போனேன். "பக்கத்து ரூம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

பூட்டிய ஆய்வகத்தில் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் கிடந்தால் கண்ணாடிகளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் அனுமதி வாங்கி, முடிந்தவரை நுண்ணோக்கிகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் கொஞ்சம், அலமாரியில் கொஞ்சம், கட்டிலின் மறுபாதியில் மீதி. அவற்றுக்கு நாள் முழுக்க விளக்கு எரியவிட்டுக் காவல் இருந்தார்.

முதல் நாள் நான் தயாரிப்போடு அழைத்தேன். பாடம் நடத்தும் புத்தி சும்மா விடுமா?

"அண்ணே, நான் என்ன சொல்ல வர்றேன்னா, இந்த மாதிரி சமயத்துல மனசை நாம"

இணைப்பு போய்விட்டது. போகவில்லை, அவர் துண்டித்தார். இத்தனை வருடங்கள் அரங்கம் நிறையப் பேரை வைத்துப் பேசியிருக்கிறேன், தூங்கியிருக்கிறார்கள், யாரும் என்னை இப்படிப் பாதியில் வெட்டியதில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, என்னை மாத்துங்க."

"பதிலுக்கு ஆள் குடுங்க, மாத்திடறேன்."

கொடுக்க ஆள் இல்லை. மறுநாள் நாலு மணிக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அழைத்தேன். தொலைபேசியில் அது தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றார். "வீட்டம்மா நர்ஸ். தொற்று வார்டுல இருக்கா. எனக்கு ஒட்டிடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிட்டா. வீட்டம்மாங்கிறேன், ஆனா வீட்டுல இல்லை." லேசாகச் சிரித்தார். "நாலு மணிக்கு டியூட்டி முடியும். அந்தக் கவசத்தை எல்லாம் கழட்டி, குளிச்சு, என்னைக் கூப்பிட அஞ்சு ஆகும். சில நாள் முன்னாடியே வந்துடும். நான் உடனே எடுக்கலைன்னா பயந்துடுவா. தனியா இருக்கேன்ல."

"அதான் வெட்டிட்டீங்களா?"

"ஆமா மேடம். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு. வார்டுலேருந்து நடந்து வந்தாளா, அங்கேயே விழுந்துட்டாளா, ஒண்ணும் தெரியாது. அவகூட வேலை பார்த்த ரெண்டு பேர் அப்படித்தான்"

இந்த வாக்கியத்தை யாரும் வெட்டவில்லை. அவரே நிறுத்திவிட்டார்.

4

அதன் பிறகு நான் சொன்னவற்றில் நினைவிருக்கும் சில:

"எங்க வீட்டுக்காரர் தனக்குத்தானே முடி வெட்டிக்கிட்டார்ண்ணே. பின்பக்கம் பார்த்தீங்கன்னா ஏதோ ஆடு"

"ஆன்லைன் வகுப்புல யாரோ குறட்டை விட்டாங்க. முகத்தை யாரும் காட்டலை. நான் பாடத்தை நிறுத்திட்டு"

"என் கூடப் பிறந்த அக்கா எப்பவும் சொல்லுவா, நீ பேச ஆரம்பிச்சா"

(அச்சுக் கோக்கிறவருக்கு: இவை பிழைகள் அல்ல. தயவுசெய்து முற்றுப்புள்ளி வைத்து உதவ வேண்டாம்.)

ஒவ்வொரு வாக்கியமும் அறுந்த இடத்தில் ஓர் அம்மாள் கவசத்தைக் கழற்றிவிட்டுக் குளித்து முடித்து, கையில் தொலைபேசியோடு உயிருடன் நின்றுகொண்டிருந்தார். இது புரிந்த பிறகு எனக்கு ஒரு விசித்திரமான ஆசை வந்தது. வாக்கியத்தை முடிக்கவே பிழைப்பு நடத்தும் நான், யாராவது குறுக்கே வந்து வெட்ட மாட்டார்களா என்று ஒவ்வொரு வரியையும் வேண்டுமென்றே இழுத்தேன். நகைச்சுவையின் கடைசி அடியை நாலே முக்காலுக்கு மேல்தான் எடுப்பேன். ஒரு நாளாவது அது போய்ச் சேர்ந்ததில்லை. மறுநாளாவது "நேத்து அப்புறம் என்னாச்சு மேடம்?" என்று அண்ணன் கேட்டிருக்கலாம். கேட்டதே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பொய்க்கும் இங்கே கணக்குத் தீர்த்துவிடுகிறேன். நான் நன்றாக இல்லை. எழுத்து நின்று போயிருந்தது. காலையில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலை நுழைக்க ஒரு காரணம் கிடைக்காது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே உலகமே மூச்சுக்குத் திணறும்போது எனக்கு மனசு சரியில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது மூன்று மணி ஆனதும் முகம் கழுவித் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தேன்.

"போன்தானே பேசப் போற? யாரு பார்க்கப் போறாங்க?" என்றார் கணவர்.

"நாலு மணிக்கு வேலை இருக்கு" என்றேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது.

5

இங்கே பெருந்தொற்றைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

6

நான் கதை சொன்ன நாளுக்கு முந்தைய மாலை வீட்டம்மா தொண்டை கரகரக்கிறது என்று சொல்லியிருந்தார். அண்ணன் அதை என்னிடம் போகிறபோக்கில் சொல்வதுபோல் சொன்னார். நானும் போகிறபோக்கில் கேட்டுக்கொள்வதுபோல் கேட்டுக்கொண்டேன்.

கணவரின் தலைமுடியைப் பேசித் தீர்த்தேன். எதிர்வீட்டில் பூனைக்காகக் கணவனும் மனைவியும் போட்ட சண்டையை எடுத்தேன். பேச்சுவாக்கில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து தாண்டியிருந்தது.

"அதுக்கப்புறம் அந்தம்மா பூனையைத் தூக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

வாக்கியம் முடிந்துவிட்டது. யாரும் வெட்டவில்லை.

"முடிஞ்சிருச்சா மேடம்?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

கடிகாரத்தை மறுபடியும் பார்த்தேன்.

"நீங்களே கூப்பிட்டுப் பார்க்கலாமேண்ணே?"

"பார்த்துட்டேன், நீங்க பூனையைப் பத்திச் சொல்லும்போதே இன்னொரு போன்ல. விடுதியில யாரும் எடுக்கலை. வார்டுக்குள்ள போன் விடமாட்டாங்க. அவளாத்தான் கூப்பிடணும்."

"நான் வச்சிடட்டுமா? லைன் காலியா இருக்கட்டும்."

"வைக்காதீங்க." குரல் இறங்கிவிட்டது. "வேற ஏதாவது சொல்லுங்க. எதுனாலும் பரவாயில்லை."

என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தையெல்லாம் விற்றுத் தீர்த்திருந்தேன். எழுத வராமல் உட்கார்ந்திருந்த என் வாயிலிருந்து இது வந்தது:

"ஒரு கதை சொல்லட்டுமாண்ணே?"

"சொல்லுங்க. சின்னதா மட்டும் வேண்டாம்."

"ஒரு யுனிவர்சிட்டியில அட்டவணை போடற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க."

"நம்ம அக்காவா?"

"இல்லைண்ணே, இது வேற அக்கா."

"சரி."

அந்த வேறு அக்காவுக்கு அறைகள் எல்லாம் போய்விட்டன. கை சும்மா இருக்கவில்லை. தெரு நாய்களுக்குக் குரைக்க ஒரு மணி, காக்கைகளுக்கு ஒரு மணி, அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளாமல் புருஷன் பெண்டாட்டிகள் சண்டை போட ஆளுக்கு அரை மணி என்று ஒதுக்கினார். ஊரே வரிசையில் வந்து நின்றது. நான் பாட்டுக்கு அளந்துகொண்டே போனேன். மறுமுனையில் அண்ணன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"ஒரு நாள் ஒருத்தர் வந்தார்ண்ணே. அக்கா, எனக்கு மணி எதுவும் வேண்டாம், அட்டவணையிலேருந்து நாலு மணியைத் தூக்கிடுங்க, மூணு முடிஞ்சதும் நேரா அஞ்சு வரட்டும்னு கேட்டார்."

அண்ணன் சிரிக்கவில்லை.

"அக்கா தூக்கினாங்களா?" என்றார்.

இத்தனை நாளில் முதல் தடவையாக அடுத்து என்ன என்று கேட்டுவிட்டார். ஒரு கதைசொல்லிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்காமலே இருந்த நாட்கள்தான் நல்ல நாட்கள்.

7

முடிவுகள்.

முதலாவதில் அழைப்பு வருகிறது. வீட்டம்மாவின் தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது, துடைத்துக் காய வைக்க நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். என் கணவர் இந்த முடிவின் கட்சி. "பாவம், அந்த மனுஷனை விட்டுடேன்" என்கிறார்.

இரண்டாவதில் அழைப்பு வேறு எண்ணிலிருந்து வருகிறது. வீட்டம்மா தன் வார்டிலேயே ஒரு படுக்கையில் இருக்கிறார். அவர் வழக்கமாகப் போர்வை மாற்றும் படுக்கை. பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் எழுதும்போது பிடித்திருந்தது, அதனால்தான் அடித்து நீக்கினேன்.

மூன்றாவதை எழுதிப் பார்த்தேன். அது எப்படி என்று சொல்ல மாட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதலாமா என்று அண்ணனிடம் அனுமதி கேட்டபோது அவர் சொன்னது: "எழுதுங்க மேடம். அந்தச் சாயங்காலத்தை மட்டும் முடிச்சு வைக்காதீங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை.

8

அதனால் உங்களை அந்தச் சாயங்காலத்திலேயே விடுகிறேன். தொலைபேசி என் காதில் சுடுகிறது. கணவர் வந்து விளக்கைப் போட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அண்ணன் வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கட்டிலின் மறுபாதியில் நுண்ணோக்கிகள் இருக்கும். எனக்கு அவர் வீட்டம்மாவின் முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனாலும் அவர் வந்து என் பேச்சைக் கெடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் வாக்கியம் முடிந்தால் என்ன பொருள், முடியாவிட்டால் என்ன பொருள் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். முடித்துப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் முடித்துக்கொள்ளலாம், தடுக்க நான் யார்? என்னைக் கேட்டால், கை வைக்காதீர்கள் என்பேன்.

"அக்கா தூக்கினாங்களா மேடம்?" அண்ணன் மறுபடியும் கேட்கிறார்.

"இருங்கண்ணே, சொல்றேன். அக்கா அந்த ஆளை முதல்ல உட்காரச் சொன்னாங்க. உட்கார வச்சுட்டு, நாலு மணியைத் தூக்க என்னால முடியாதுப்பா, ஆனா அதுல