மணல்மேட்டில் தீ

என் அண்ணன் வனக்காவலர். நான் அதே துறையின் விதை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிடிவாதம் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். ஆனாலும் அந்த மணல்மேட்டுப் புதர்களைப் பற்றி அவரிடம் பேச எனக்கு இரண்டு மாதம் தைரியம் வரவில்லை.

கொய்யா குடும்பத்துச் செடி அது. ஆள் உயரத்துக்கு மேல் வளராது. சத்தில்லாத வெள்ளை மணலில், கடல்காற்று அடிக்கும் அந்த ஒரு மேட்டில்தான் இருக்கிறது. பூத்தால் கிளை நுனியெல்லாம் சிவப்பு நாராய்ச் சிலிர்த்து நிற்கும். இலையைக் கசக்கினால் தைல வாசனை. பதினாறு வருடத்துக்கு முன் காட்டுத்தீ மேட்டை நெருங்கியபோது, அண்ணனும் அவர் கூட்டாளி நெட்டையனும் குறுக்கே நின்று அணைத்தார்கள். புதர்கள் பிழைத்தன. நெட்டையன் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் அங்கே ஒரு சிகரெட் பற்றவைக்கக்கூட அண்ணன் யாரையும் விட்டதில்லை.

இப்போது புதர்களுக்கு வயதாகிவிட்டது. அடியில் ஒரு கன்றுகூடக் கிடையாது. காய்கள் கட்டையாய் இறுகி, வருடக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கிடந்தன. பறித்து வந்து ஊறப்போட்டேன், உரசினேன், ஒன்றும் அசையவில்லை. எரிச்சலில் ஆய்வகச் சூட்டடுப்புக்குள் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் வெடித்து விதை கொட்டியது. சந்தோஷப்பட வேண்டியவள், இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"அண்ணே, அந்த மேட்டைக் கொளுத்தணும்."

"பைத்தியமா உனக்கு?"

"சூடு பட்டாத்தான் காய் திறக்குது. இல்லேன்னா பத்து வருஷத்துல மேடு மொட்டை."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானா விடுவேன்? வெடித்த காய்களை அவர் சட்டைப்பையில் போட்டு வைத்தேன். ஐந்தாம் நாள், "கண்டவன் கொளுத்த வேணாம், நானே செய்றேன்" என்றார்.

காற்று அடங்கிய ஒரு காலையில், சுற்றிலும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்பு போட்டு, தண்ணீர் வண்டியை நிறுத்திவிட்டு அவரே பற்றவைத்தார். மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மழை பெய்து சில வாரம் கழித்து அவரை அழைத்துப்போனேன். கரிக்கு நடுவே கால்வைக்க இடமில்லாமல் கன்றுகள். "பாருங்கண்ணே!" என்று பீற்றிக்கொண்டேன், புத்தியில்லாமல்.

அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கன்றைத் தொட்டார்.

"அன்னைக்கு நாங்க தீக்கு வழி விட்டிருந்தாலும் இப்படித்தானே முளைச்சிருக்கும்?"

"ஆமாண்ணே." பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"போயிடலாம்டான்னுதான் நெட்டையன் சொன்னான்" என்றார் அண்ணன். "நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன்."