லச்சனாவின் புது வீச்சு

1.

இந்தக் கதை எனக்குச் சாத்தூரிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டு அம்மா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வெள்ளை உடுப்பில் ஒரு பெண், நீல உடுப்பில் ஒரு பெண். ஒருத்தி காலரை ஒருத்தி பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல எது எம்மக, சொல்லுங்க பாப்போம்."

நீலத்தைக் காட்டினேன்.

"அது லச்சனா. அதுவும் எம்மகதேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "பெத்தது வெள்ளைச் சட்டைய" என்றார்.

அவர் மாரித்தாய். தாயில்பட்டிக்காரர், பட்டாசு கம்பெனியில் வேலை. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் இரண்டு பெண்களின் நம்பரையும் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். வெள்ளைச் சட்டை இந்தியாவுக்காக ஆடியது. நீலம் இலங்கைக்காக. ஜூடோவைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அலைகள் ஆர்ப்பரிக்கும் மன்னார்க் கரையில்…' அடித்துவிட்டேன். நீலச் சட்டைக்காரி சின்ன வயதில் மன்னாரைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'நாடற்ற ஒருத்தி…' இதை அவளுக்கே அனுப்பினேன். கொழும்பிலிருந்து குரல் பதிவு வந்தது. "அண்ணே, அப்படி எழுதாதீக. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில ராட்டினத்துல ஏறி வாந்தி எடுத்தவ நானு. எனக்கு ஊரு இல்லையா?"

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். டிலக்சனா விருதுநகர் பக்கத்து அகதி முகாமில் பிறந்தாள். அம்மா மரியபுஷ்பம் சிறுமியாக மன்னாரிலிருந்து படகில் வந்தவர், அப்பாவும் அப்படித்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அவர், இவள் எட்டாவது படிக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். விருதுநகர்க் கல்லறையில் இருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. லச்சனாதான். ராம்குமார் மாஸ்டர் ஜூடோவுக்கு எடை பார்த்து ஜோடி சேர்த்தபோது, அவள் எடைக்கு ஒத்து வந்தவள் முத்துச்செல்வி மட்டும். மாரித்தாயின் மகள். அன்றிலிருந்து ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போட்டே வளர்ந்தார்கள்.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: தொடைக்கு நடுவே கால் கொடுத்துத் தூக்கி எறிகிற ஒரு வீச்சுக்கு 'உச்சிமாதா' என்று பெயர். ஜப்பான் சொல். மாரித்தாய் அதை ஏதோ அம்மன் என்று நினைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தின நாளெல்லாம் உச்சிமாதாவைக் கும்பிட்டிருக்கிறார். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தப்போவதில்லை.]

3.

இந்திய அணிக்கான தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் இரண்டு பேரும் மோதினார்கள். லச்சனா ஜெயித்தாள். வெளிநாட்டுப் போட்டிக்கான பயிற்சி முகாமுக்கு ஓர் அதிகாரி பெயர் எழுதினார்.

"பாஸ்போர்ட் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ளை பண்ணிரு. ஒரு மாசத்துல வந்துரும்."

"எனக்குக் குடுக்க மாட்டாங்க சார். நாங்க முகாம்."

அந்த அதிகாரி நல்ல மனுஷன். எழுதிய பெயரை அடிக்க மனசில்லாமல் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். லச்சனாவே சொன்னாள்: "ரெண்டாவதா வந்தவ பேர எழுதிக்கோங்க சார். நல்லா ஆடுவா."

முத்துச்செல்வி போனாள்.

'முத்துச்செல்வி உள்ளூர மகிழ்ந்…' என்று எழுதிப் பாதியில் விட்டேன். பிறகு, 'முத்துச்செல்வி துடித்துப்…' அதையும் விட்டேன். முதலாவதில் அவள் கெட்டவள், இரண்டாவதில் அவள் சிலை. ஃபோன் போட்டு அவளிடமே கேட்டேன்.

"சந்தோசமாத்தேன் இருந்துச்சு. அப்படி இருந்துச்சேன்னு அவ வீட்டு வாசல்ல போயி நின்னேன். என்ன பேசன்னு தெரியல. அவதான், 'வெளிநாட்டுக்குப் போறவ பெல்ட்ட இப்படியா மடிப்ப'ன்னு பிடுங்கி மடிச்சுக் குடுத்தா."

இதைக் கற்பனையில் எழுத என்னால் முடிந்திருக்காது.

4.

இலங்கைக்குப் போகலாம் என்று லச்சனாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் அவளே கேட்டாள்.

"உன் நாட்டுக்கு ஆடுனா என்னம்மா?"

மரியபுஷ்பம் இன்னும் அந்தக் கரைப் பேச்சுதான் பேசுவார். "அங்க உனக்கு ஆர் இருக்கினம்?"

"மாமா இருக்காருல்ல."

"அவனை நானே கண்டு எத்தினை வருசம்! முகாமை விட்டுப் போனால் திரும்பப் பதியமாட்டினம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். தெரியுமோ?"

"தெரியும்."

"திரும்பி வரேலாது பிள்ளை."

"தெரியும்மா. இங்கன இருந்தா முத்துவுக்குச் சோடியா நிக்கத்தான் முடியும். எனக்கும் ஆடணும்மா."

இலங்கைக் குடியுரிமை, பாஸ்போர்ட் என்று பேப்பர் எல்லாம் சரியாகி அவள் கிளம்பின அன்று, தாய் பையில் சாத்தூர் காராச்சேவு வைத்துக் கொடுத்தார். தான் பிறந்த மண்ணுக்குப் பிள்ளையை அனுப்பும்போது, 'அங்க இது கிடையாது' என்று சொல்லி.

கொழும்பில் அவளுக்கு மொழி தெரியவில்லை. முதலில் கற்றுக்கொண்ட சிங்களச் சொல் 'ஹரி'. சரி என்று அர்த்தம். ஒரே எழுத்துதான் வித்தியாசம் என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே சொன்னாள். கூடப் பயிற்சி எடுத்த யாழ்ப்பாணத்துப் பெண்கள், "நீங்கள் படத்தில வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறியள்" என்று சிரித்தார்கள். அழுதாளா என்று கேட்டேன். "குளிக்கையில" என்றாள். அங்கேதான் ஒரு புது வீச்சைக் கற்றாள்: எதிராளியின் இரண்டு சட்டைக்கை நுனியையும் பிடித்து, சட்டென்று முழங்காலில் இறங்கித் தலைக்கு மேலே எறிவது.

5.

காத்மாண்டுவில் தெற்காசியப் போட்டி. அரையிறுதியில் நீலமும் வெள்ளையும்.

பெரிய சண்டைக் காட்சி எழுத ஆசைப்பட்டேன். நடந்ததோ ஒன்றுமே நடக்காத ஆட்டம். இவள் தோளை அசைத்தால் அவளுக்குத் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்தால் இவள் நகர்ந்தாள். நேரம் முடிந்து, கூடுதல் நேரமும் ஓடியது. ஆடாமல் நிற்கிறீர்கள் என்று நடுவர் இருவரையும் எச்சரித்தார், மறுபடியும் எச்சரித்தார். இன்னொன்று வந்தால் இருவருமே வெளியே.

பிடித்த பிடியில் முத்துச்செல்வி முணுமுணுத்தாள். "ஏட்டி, ரெண்டு பேரையும் அனுப்பிருவாக. எதையாச்சும் செய்யி."

"நீ செய்யேன்."

"என்னது எல்லாந்தான் ஒனக்குத் தெரியுமே!"

தெரியும். அதுதான் லச்சனாவுக்குச் சுருக்கென்றது. தன்னிடம் மட்டும் அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கைகள் தாமாகச் சட்டைக்கை நுனிகளுக்குப் போயின. முழங்கால் விரிப்பில் பட்டது. முத்துச்செல்வி தலைக்கு மேலே போய் மல்லாக்க விழுந்தாள். முழுப் புள்ளி.

வணங்கிக் கட்டிக்கொண்டபோது முத்துச்செல்வி காதில் கேட்டாள்: "இத எங்கனடி படிச்ச?"

"அங்கன."

ஜெயித்த சந்தோஷம் அந்த ஒரு வார்த்தையோடு கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது என்று லச்சனா என்னிடம் சொன்னாள். முத்துவுக்குத் தெரியாத ஒரு லச்சனா வந்துவிட்டாளே என்று. இறுதிப் போட்டியில் நேபாளப் பெண்ணிடம் சீக்கிரமே தோற்றாள். வெள்ளி. முத்துச்செல்வி அடுத்த ஆட்டத்தை ஜெயித்து வெண்கலம் வாங்கினாள்.

6.

லச்சனா அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது மாரித்தாய், அவர் மரியபுஷ்பத்தோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கவென்றே முகாமுக்கு வந்திருந்தார். பின்னால் படபடவென்று சத்தம்.

"அத்தே, அங்கன என்ன சத்தம்?"

"சரம் வெடிக்கோம்ல! கம்பெனியில இருந்து வாங்கியாந்தேன்."

"முத்து தோத்துட்டாளே அத்தே…"

"வாங்கியாந்தது வாங்கியாந்தாச்சு. எவ செயிச்சா என்ன, வெடிக்காமத் திருப்பிக் கொண்டு போகவா?" பிறகு குரல் இறங்கியது. "அடி பலமா விழுந்துச்சா அவளுக்கு?"

"இல்லத்தே. பதனமாத்தான் போட்டேன்."

"அது தெரியும். ஒங்கம்மாட்டப் பேசு. அழுதுக்கிட்டு இருக்கா."

7.

இப்போது முடிவு. லச்சனாவுக்குக் கொழும்பில் சின்ன வேலை கிடைத்திருக்கிறது. ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அம்மாவை வரச் சொல்கிறாள். வந்தால் அவர் திரும்ப முடியாது.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மரியபுஷ்பம் கணவரின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு விமானம் ஏறுகிறார். இன்னொன்றில் முகாமிலேயே தங்கிவிடுகிறார். மூன்றாவதில் (இது எனக்குப் பிடித்தது, அதனாலேயே சந்தேகமாக இருந்தது) மகளே விசா வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். மூன்றையும் முகாமுக்குப் போய் அவரிடமே வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நானே இன்னும் முடிவெடுக்கேல்லை. நீங்கள் எப்பிடி எழுதுவியள்?"

மூன்று தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். உங்களுக்கு அவசரமென்றால் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

வாசல் வரை வந்தவர் கூப்பிட்டார். "ஏதும் எழுதத்தான் வேணுமெண்டால் ஒண்டு எழுதுங்கோ. படத்தில பாத்தனான். பிள்ளை மெலிஞ்சுபோனாள்."

எழுதிவிட்டேன், அம்மா.