பின்னால் வந்த வெளிச்சம்

பின்னால் வந்துகொண்டிருந்த வண்டிச் சத்தம் நின்றதும் மேகலாவின் நிழலும் காணாமல் போயிற்று.

அதுவரை மாமனார் வேலாயுதத்தின் டிவிஎஸ் விளக்கு அவள் முதுகில் விழுந்து, ரோட்டில் நிழலை நீளமாகப் போட்டுக்கொண்டே வந்தது. தினமும் அந்த நிழலைத் துரத்திக்கொண்டுதான் அவள் ஓடுவாள். இப்போது சர்வீஸ் ரோடு முழுக்க இருட்டு. விடிய இன்னும் நேரமிருந்தது. பக்கத்து பைபாஸில் லாரிகள் இரைந்துகொண்டு போயின.

ஒதுங்கப் போயிருப்பார் என்று நினைத்தாள். கால்கள் நிற்கவில்லை. அடுத்த கம்பம் வரைக்கும் பார்க்கலாம். கம்பம் வந்தது. சரி, அதற்கடுத்த கம்பம்.

முதலில் அவள் பயந்தது தனக்காகத்தான். போன வருஷம் இதே ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே வந்தான். ஒன்றும் செய்யவில்லை. மாதனூர் வரைக்கும் சும்மா சிரித்துக்கொண்டே வந்தான். அதைக் கேட்டதும் அவள் கணவன் புகழேந்தி ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "வேணாம். ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

வேலாயுதம்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் பின்னாடியே போறேன்டா. எனக்கு மட்டும் வூட்ல இன்னா வேல?"

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேகலா சூப்பர்வைசர். நாளெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று, தையல்காரப் பெண்களை விரட்டி, மேலே இருப்பவர்களிடம் திட்டு வாங்குகிறவளுக்கு அந்த விடிகாலை ஒன்றுதான் சொந்தம். மனைவி போனபின் தூக்கம் கெட்டுப்போயிருந்த வேலாயுதத்துக்கும் அது பிடித்துப்போயிற்று. அவளுக்கு முன்னால் எழுந்து, குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது கம்பமும் போயிற்று. இப்போது வேறு பயம் வந்தது. அது திங்கட்கிழமையிலிருந்தே அவளுக்குள் இருந்த பயம்.

திங்கட்கிழமை மேம்பாலத்தின் கீழே திரும்பும்போது அவர் வண்டியை நிறுத்திவிட்டு இடது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பனியிலும் முகமெல்லாம் வேர்வை.

"மாமா, இன்னா ஆச்சி?"

"கேஸுதான். நேத்து பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சி. புகழுகிட்ட சொல்லி வெச்சிடாதம்மா. உன் ஓட்டத்துக்கும் ஆப்பு வெப்பான், என் வண்டிக்கும் ஆப்பு வெப்பான்."

அவள் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஓய்வு. புதன்கிழமை நாயக்கனேரி மலைப்பாதை. அடுத்த மாதம் ஏலகிரியில் நடக்கவிருந்த மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவர் வழக்கம்போல் அடிவாரத்திலேயே இருந்துகொண்டார். திரும்பி இறங்கும்போது மேலிருந்து பார்த்தாள். சிறுபாலத்துக் கட்டைமேல் மல்லாந்து கிடந்தார். ஒரு கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உருளுகிற கல்லோடு கல்லாக அவள் இறங்கி வந்தாள். சறுக்கி விழுந்து முட்டி சிராய்ந்தது. பக்கத்தில் வந்து நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னா மேகலா, நாய் தொரத்துச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வேலூருக்குப் போய் ஒரு தடவ காட்டிட்டு வந்துர்லாம் மாமா."

"சனிக்கெழம உன் பெரிய பிராக்டீஸ் ஓட்டம் முடியட்டும். திங்கக்கெழம போலாம்."

அந்தப் பதிலில் தனக்கும் ஒரு நிம்மதி இருந்ததை அவள் அப்போதே உணர்ந்தாள். உணர்ந்தும் சரி என்று சொல்லிவிட்டாள்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

மேகலா திரும்பினாள். வந்த வழியே ஓடினாள். இந்த வேகத்தில் அவள் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. மூச்சு இரைப்பதில் வண்டிச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினாள்.

வண்டி ஓரமாக ஸ்டாண்ட் போட்டு நின்றது. சாவியைக்கூட எடுத்திருந்தார். தடுப்புக் கம்பியில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாமா."

கன்னத்தைத் தொட்டாள். ஈரம். குல்லாய்க்குள்ளிருந்து வேர்வை வழிந்து கழுத்தில் சில்லிட்டிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கியதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

பைபாஸ் பக்கம் திரும்பிக் கத்தினாள். எந்த லாரியும் நிற்கவில்லை. ஒவ்வொரு லாரியும் தன் வெளிச்சத்தை அவர் முகத்தில் போட்டது, எடுத்துக்கொண்டு போயிற்று. வெளிச்சம் வரும்போதெல்லாம் அவர் கண் திறக்கிறதா என்று பார்த்தாள். இருட்டானதும் அடுத்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தாள். போன் செய்ய வேண்டுமென்று தோன்றவே வெகுநேரமாயிற்று. புகழேந்தியின் பெயரைத் தேடும்போது விரல் வேறு எங்கெங்கோ பட்டது.

பால் கேன்களோடு பைக்கில் வந்த ஷாஹித் மட்டும்தான் நின்றான். தினமும் அந்த நேரத்துக்கு எதிரில் வந்து தலையசைத்துவிட்டுப் போகிறவன்.

"இன்னாக்கா, எவனாவது இடிச்சிட்டானா?"

"மூச்சு இருக்குதா பாருங்க. எனக்குத் தெரியல. நீங்க பாருங்க."

அவன் அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தான். சட்டென்று எழுந்து, ரோட்டுக்கு நடுவில் போய் கையை விரித்து நின்று ஒரு லோடு ஆட்டோவை மறித்தான். இரண்டு பேருமாக ஏற்றினார்கள். தக்காளி வாசம் அடித்த அந்தப் பலகையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேகலா ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்பது பின்னால் அவளுக்கு ஞாபகமில்லை.

டாக்டர் சின்னப் பெண். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு புகழேந்தி ஓடிவந்தது அப்போதுதான்.

"இந்த வாரத்துல நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாரா?" டாக்டர் கேட்டாள்.

"இல்லீங்க." தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பது மேகலாவுக்கு ஒரு கணம் கழித்தே உறைத்தது.

டாக்டர் புகழேந்தியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையை மட்டும் அசைத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் கிடத்தியபோது வெயில் ஏறிவிட்டது. மேகலா இன்னும் ஓடும் உடுப்பிலேயே இருந்தாள். யாரோ உள்ளே இழுத்துப் போய் ஒரு புடவையைச் சுற்றிவிட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து புகழேந்தியின் அக்கா பாக்யலட்சுமி வந்து இறங்கினாள். அப்பாவின் பெட்டிமேல் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் மேகலாவின் பக்கம் திரும்பினாள்.

"வயசான மனுசன பனியில இட்டுனு போயி கொன்னுட்டியேடி. பொம்பளைக்கு இன்னா ஓட்டம்? அவரு உனக்கு வாட்ச்மேனா? நல்லாதான இருந்தாரு எங்கப்பா? நல்லா இருந்தாரா இல்லியா, வாயத் தொறந்து சொல்லு!"

உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் மேகலாவைப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்தது. புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"அக்கா, சும்மா இரு," என்றான் புகழேந்தி.

அவ்வளவுதான். மேகலாவின் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. அவன் கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. பந்தல்காரனோடு பேசினான், பறை அடிக்க வந்தவர்களுக்கு டீ சொன்னான், மாலை வாங்க ஆள் அனுப்பினான். ஒவ்வொரு முறை அவன் வீட்டுக்குள் வரும்போதும் இப்போது கேட்கப் போகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர்கள் அவளிடம் துக்கம் கேட்டார்கள். "திடீர்னா?" என்றார்கள். "ஆமா, திடீர்னு," என்றாள். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வாயில் பழகிப்போனது. அது இன்னும் பயமாக இருந்தது.

பாடையைத் தூக்கியபோது தெருமுனை வரைக்கும் பெண்கள் போனார்கள். பாக்யலட்சுமி தரையில் விழுந்து புரண்டாள். மேகலாவுக்கு அழுகை வரவில்லை. அழாததையும் யாராவது கவனிப்பார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்குப் புகழேந்தி சுடுகாட்டிலிருந்து திரும்பினான். தலையும் மீசையும் மழித்திருந்ததில் வேறு யாரோபோல் இருந்தான். நேராகக் கொல்லைப்பக்கம் போய் துவைக்கிற கல்மேல் குனிந்து உட்கார்ந்தான். மேகலா வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு அவன் தலையில் ஊற்றினாள். மொட்டைத் தலையில் ஓரிடத்தில் கத்தி பட்டு ரத்தம் கசிந்திருந்தது. தண்ணீரோடு அது கரைந்து இறங்கியது.

இங்கே யாரும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றால் நாளைக்கும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏங்க."

அவன் நிமிரவில்லை.

"திங்கக்கெழமையே மாமாவுக்கு நெஞ்சு வலிச்சிது. என் கண்ணு முன்னாடிதான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நானும் சொல்லல."

அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கெழம நீ தூங்கினப்புறம் வந்து என்னை எழுப்புனாரு," என்றான் புகழேந்தி. "நெஞ்சு எரியுதுடான்னாரு. மெடிக்கல்ல சிரப்பு வாங்கியாந்து குடுத்தேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன்..."

நிறுத்தினான்.

"இல்ல. கேக்கல. கேக்கணும்னு நெனச்சேன். காலையில கம்பெனில லோடு ஏத்தணும், தூங்கிட்டேன்."

அவன் முகத்தைக் கையால் வழித்துக்கொண்டான்.

"காலையிலேர்ந்து உன் மூஞ்சியப் பாக்க முடியல மேகலா."

உள்ளேயிருந்து பாக்யலட்சுமியின் குரல் வந்தது. "டேய் புகழு, எவ்ளோ நேரம்டா குளிப்ப? சளி புடிச்சிக்கப் போவுது. வந்து ஒரு வாய் சாப்புடு."

மேகலா மறுபடியும் மொண்டாள். சொம்பு வாளியின் அடியில் உரசியது. அவள் எட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் நூல்போல மெலிதாக வந்தது. அவன் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். வாளி நிறையட்டும் என்று அவள் பக்கத்திலேயே நின்றாள்.