நிப்பைக் கொடுக்க வரவில்லை

பேனாதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நகைதானே என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? நான் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் தேய்த்துக் கொடுக்கிறேன். அந்தச் சம்பளத்தில், யாரிடமும் கை நீட்டாமல் வாங்கியவை என் பேனாக்கள். எழுதுவேன், துடைப்பேன், படம் எடுத்து இணையத்தில் போடுவேன். அது என் சந்தோஷம். அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

விடுமுறை நாளில் சமையலறை ஜன்னலில் காலை வெயில் சாய்வாக விழும். மேடையைத் துடைத்து, சாம்பல் நிறத் துணி விரித்து, நிழல் விழாமல் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு பக்கம் வெள்ளைத் தெர்மாகோலை நிறுத்துவேன். கைபேசியில் சிறிய லென்ஸைச் செருகினால் நிப்பின் பிளவில் மை நிற்பதுகூடத் தெரியும். ஃபைன் நிப் சன்னமாக, வம்பு தும்பில்லாமல் எழுதும். ஸ்டப் நிப்பின் முனை தட்டை. கீழே இழுத்தால் கோடு பட்டையாகவும் குறுக்கே இழுத்தால் மெலிதாகவும் வரும். ஃபிளெக்ஸ் நிப்பை லேசாக அழுத்தினாலே பிளவின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கும். எல்லாவற்றிலும் என் செல்லம் பச்சைப் பேனாவின் தங்க நிப்தான். நான் இடது கைக்காரி. என் கை சாயும் பக்கத்துக்கு ஏற்றபடி அதன் முனையை நானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரிவாகத் தேய்த்து எடுத்தேன். வேறு யார் எழுதினாலும் அது காகிதத்தைக் கீறும்.

"நம்ம கல்யாணப் படம்கூட இவ்வளவு நல்லா வரலையே" என்பார் என் வீட்டுக்காரர், தண்ணீர் குடிக்க வந்த இடத்தில்.

"மாப்பிள்ளை சரியில்ல, அதான்" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார், பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஆசை வந்தது. கறுப்புப் பேனாவில் தங்க நிப் எப்படி இருக்கும்? இரண்டும் ஒரே கம்பெனிப் பேனாக்கள், நிப்பைத் திருகிக் கழற்றலாம். அக்கா தங்கை சட்டை மாற்றிக்கொள்வதுபோல், தங்க நிப் கறுப்புக்குப் போனது. கறுப்பின் ஸ்டீல் நிப் பச்சைக்கு வந்தது. படம் அமோகமாக வந்தது. அந்தப் பூரிப்பில் நிப்புகளைத் திரும்ப மாற்றாமலேயே பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால் பச்சையைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டேன். கடைசியில் என் மகன் மென்று விழுங்கினான்.

"அது வந்தும்மா... எங்க மேனேஜருக்குக் கொடுத்துட்டேன். நீ போடுற படமெல்லாம் அவர் பாக்கிறார். அந்தப் பச்சைப் பேனா பிரமாதம்னு சொல்லிட்டே இருந்தார். அடுத்த மாசம் டீம் லீடர் யாருன்னு முடிவு பண்ணப் போறாங்க. எல்லாம் அவர் கையிலதான் இருக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"பேனாதானேம்மா. உன்கிட்டதான் இத்தனை இருக்கே."

"விடேன், பையன் முன்னுக்கு வரட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"அவன் ஏறிப் போறதுக்கு என் பேனாதான் கிடைச்சுதா?" என்று கத்தினேன். அன்று இரவு இரண்டு பேருக்கும் நான் சோறு போடவில்லை. அவர்களே போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் ஒருவேளை நான் அழுது தீர்த்திருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மா, நிப் வேறயா இருக்காம். படத்துல பாத்த தங்க நிப் இல்லைங்கிறார். அதையும் கொடுத்துடேன், ப்ளீஸ்."

அடப்பாவி! உடம்பைத் தூக்கிக்கொண்டு போனவன் இப்போது உயிரையும் கேட்கிறான். எனக்கு எங்கிருந்துதான் அந்த நிதானம் வந்ததோ தெரியவில்லை.

"நாளைக்கு நானே உன் ஆபீசுக்கு வரேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான்.

மேனேஜரின் அறையில் மூன்று பக்கம் கண்ணாடி. வெளியே கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்க்க முடிந்தது. அந்த மனிதர் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். மேஜையில், தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில், என் பச்சைப் பேனா கிடந்தது.

"வாங்க, வாங்க. அம்மாவே ஆசையா கொடுத்தனுப்பினாங்கன்னு உங்க பையன் சொன்னார். எனக்கு ரொம்ப சந்தோஷம். நிப்பைப் பத்தி நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், நீங்க போய் இவ்வளவு தூரம்..."

ஓகோ, கதை அப்படிப் போகிறதா. மகனைப் பார்த்தேன். கதவோரம் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும், அவன் பிழைத்துப் போவான். எத்தனை பேருக்கு எத்தனை விஷயத்துக்குத் தலையாட்டியிருக்கிறேன்! கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"நிப்பைக் கொடுக்க வரலைங்க. பேனாவை வாங்கிட்டுப் போக வந்தேன். நான் கொடுத்தனுப்பல. என்னைக் கேக்காம எடுத்துட்டு வந்திருக்கான்."

மேனேஜர் பேனாவை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"மன்னிச்சுக்கோங்க. எனக்குத் தெரியாது."

என் மகன் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

லிஃப்ட் வரைக்கும் என் பின்னாலேயே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இப்போ திருப்தியா? இத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டே. இனி எனக்கு அந்தப் பதவி கிடைச்ச மாதிரிதான்."

"கிடைக்காமப் போகலாம். பொய்யை நானா சொன்னேன்?"

பேனாவைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

"கேட்டிருந்தா மட்டும் கொடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"பாத்தியா! அதனாலதான் கேக்கல."

"அதுக்குப் பேர்தான்டா திருட்டு" என்றேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. நான் ஏறிக் கீழே போவதற்கான பொத்தானை அழுத்தினேன்.