குருவம்மாளின் பின்பாரம்

1937 ஆடியில், நான்கு பேர் ஏற வேண்டிய குதிரை வண்டியில் ஐந்து பேரை ஏற்றியதாக உச்சிமாகாளி மீது வழக்கு எழுதப்பட்டபோது, அந்த ஐந்தாவது ஆள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் அவன் பெண்டாட்டி குருவம்மாள். வண்டியின் பின்பக்க ஓரத்தில், படிக்கு மேலே, ஈரச் சேலையோடு உட்கார்ந்து தென்காசி ரயிலடிக்கும் குற்றாலத்துக்கும் தினமும் போய்வந்தாள். ஏறுகிறவர்கள் காலை ஒடுக்கி அவளுக்கு இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் சாரலும் நன்றாக இருந்தது, பலாப்பழமும் மலிவு. இன்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்ன தெரியும்? அந்த நாளில் மேலகரம் தாண்டினாலே முகத்தில் தூவானம் அடிக்கும், வண்டிக்குள் ஈர வைக்கோல் மணக்கும். நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

உயிரோடிருந்தபோது அவள் ஒருமுறைகூட அந்த வண்டியில் அருவிக்குப் போனதில்லை. ஒன்பது வருஷச் சாரலிலும் கேட்டாள். ஒன்பது சாரலும் அவன், "சவாரி நெறைய வருதுட்டி, எடமில்ல. அடுத்த சாரலுக்குப் பாப்போம்" என்றான். பத்தாவது சாரலுக்கு முன்னால் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்து வண்டி பூட்டிய முதல் நாளே அவளாக ஏறிக்கொண்டாள். செத்தவள்தான். ஆனால் பாரம் இருந்தது. பின்பாரம் கூடினால் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கும், குதிரையின் வயிற்று வார் இறுகும். அதனால்தான் வண்டிக்காரர்கள் "முன்னத் தள்ளி உக்காருங்க" என்று தொண்டை வறளக் கத்துவார்கள். குருவம்மாளிடம் மட்டும் அவன் அப்படிச் சொன்னதில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

வழக்கு எழுதியவர் ஆலங்குளத்திலிருந்து மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் தங்கசாமி. ஊருக்குப் புதுசு, கண்ணுக்குத் தெரிந்த தலைகளை எண்ணினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உச்சிமாகாளிக்கு அது மூன்றாவது வழக்கு. முந்தின இரண்டும் விளக்கில்லாமல் ஓட்டியதற்கு. இதுவும் ருசுவானால் நம்பர் தகட்டைக் கழற்றிவிடுவார்கள், பிழைப்பில் மண் விழும். வக்கீல் குமாஸ்தா ஞானசம்பந்தம் வழி சொன்னார்: "நாலு பேருதான்னு சொல்லிரும் வே. செத்தவள எந்தக் கோர்ட்டு எண்ணுது?"

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கைலாசம், வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டார். உச்சிமாகாளி ஜன்னல் வழியாக, வெளியே நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தான். அவள் அதே ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு பேருதான் எசமான். உசுரோட இருக்கையில ஒம்பது சாரலுக்கும் அவளுக்கு எடமில்லன்னு சொன்னேன். இப்பவும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஞானசம்பந்தம் தலையில் கைவைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட்டும் அதே வண்டியில் அருவிக்குப் போகிறவர்தான், அவளுக்காகக் காலை ஒடுக்கியவர்தான். ஐந்து என்றால் ஐந்துதான், குற்றம் ருசுவானது என்று எழுதினார். ஆனால் தகட்டைக் கழற்ற வேண்டாம், இனி சவாரி மூன்று பேர்தான், நான்காவது இடம் குருவம்மாளுக்கு என்று கீழே இன்னொரு வரி சேர்த்தார்.

ஒரு சவாரியின் வரும்படி காலத்துக்கும் போயிற்று. உச்சிமாகாளிக்கு அழுகை முட்டியது, நஷ்டத்துக்காக அல்ல. வெளியே வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினான்.

"முன்னத் தள்ளி உக்காரு, குருவம்மா."

வண்டி மட்டமாயிற்று. குதிரை நிம்மதியாக மூச்சு விட்டது. பஸ்கள் வந்து வண்டிகளை விரட்டும்வரை, வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பித்தபோதெல்லாம், ஆட்கள் எத்தனை என்ற இடத்தில் 'மூன்று பேரும் குருவம்மாளும்' என்றே எழுதினார்கள். எந்த அதிகாரியும் அதை அடித்துத் திருத்தவில்லை.