பாலிசியில் இருந்த கடை

ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று காலையிலிருந்தே வாட்ஸ்அப்பில் அலறிக்கொண்டிருந்தார்கள். முடிச்சூர்க்காரர்களுக்கு அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை, தண்ணீர் நேரே எங்கள் தெருவுக்குத்தான் வரும். என் தையல் கடை தரைத்தளத்தில் இருக்கிறது. ஷட்டருக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கினோம், கழிவறைக் குழியில் சாக்கைத் திணித்தோம், மெயினை அணைத்தோம். அப்புறம் மாடிக்கு எதை முதலில் ஏற்றுவது என்று எனக்கும் என் வீட்டுக்காரர் தனசிங்குக்கும் சண்டை.

எம்பிராய்டரி மெஷினைத்தான் ஏற்றவேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். எங்கள் சோறே அந்த மெஷின்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். பக்கத்து ஹார்டுவேர் கடை ஆட்கள் இரண்டுபேர் கைகொடுக்க வந்து நின்றார்கள். அவர்களும் சீக்கிரம் வீடு போகவேண்டும்.

"மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க. அடுத்தவங்க துணிக்கு இல்ல. அது நனைஞ்சா நான் யார் மூஞ்சில முழிப்பேன்?" என்றேன்.

எங்கள் சபையைச் சேர்ந்த ஏஜெண்டு ஸ்டெபின் போன மாதம்தான் இதை விளக்கியிருந்தான். கடையிலிருக்கும் என் பொருளுக்குத்தான் பாலிசி, கஸ்டமர் துணியைத் தனியாகச் சேர்க்கவேண்டும் என்றான். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். கிறிஸ்துமஸ் துணி மலைபோலக் குவிந்திருந்தது. அதற்கு நடுவே கெசியாவின் கல்யாண பிளவுஸ் வேறு, ஒரு கைக்கு மட்டும் அந்த மெஷினில் பூவேலை முடிந்து கிடந்தது.

துணி எல்லாம் மாடிக்குப் போனது. ஆட்களும் போய்விட்டார்கள். தனசிங் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார், நான் கண்டுகொள்ளவில்லை.

தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது ஸ்டெபினுக்குப் போன் போட்டேன். மெஷின், ஷட்டர், போர்டு எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். உடனே அவனே கூப்பிட்டான்.

"அக்கா, போர்டுல முடிச்சூர்னு இருக்கு. பாலிசில சேலையூர் கடை அட்ரஸ்தான் இருக்கு. மாத்தச் சொல்லவே இல்லையே?"

கோடையில் கடையை இங்கே மாற்றினோம். பாஸ்டரை அழைத்து ஜெபம் பண்ணினோம், புது போர்டு வைத்தோம், கூகுள் மேப்பில்கூட இடத்தை மாற்றினோம். பாலிசி ஞாபகமே வரவில்லை, பாவி எனக்கு.

"இங்க இருக்கிற மெஷினுக்கு அது செல்லாதுக்கா. அது அந்த எடத்துக்குத்தான்," என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

உள்ளே ஓடினோம். கழிவறைச் சாக்கு பிய்த்துக்கொண்டு வந்து கறுப்புத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் மெஷினைப் பிடித்து இழுத்தோம். ஒரு முழம்கூட நகரவில்லை. தனசிங் வழுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி பிடித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மோட்டாரை மூடிக்கொண்டு தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் கையை விட்டோம்.

மாடிப்படியில் உட்கார்ந்தபோது கெசியா கூப்பிட்டாள். பிளவுஸ் நனையவில்லையே என்று கேட்டாள். இல்லை, மேலே பத்திரமாக இருக்கிறது என்றேன்.

"அப்பாடா. நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருந்தேன்கா. அப்ப இன்னொரு கையும் முடிச்சு சனிக்கிழமை குடுத்துடுவீங்கல்ல?"

கீழே மெஷின் மூழ்கிக்கிடந்த தண்ணீரைப் பார்த்தேன். போனைத் தனசிங்கிடம் கொடுத்துவிட்டேன்.